மூன்றாவது வரிசைக்காரர்கள்

எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய வெள்ளை நிற ஏழு சீட்டுக் காரை ஷோரூமிலிருந்து வெளியே எடுத்து, நான்கு சக்கரத்துக்கும் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை நசுக்கி, பூசணிக்காய் உடைத்த இடத்தைத் தாண்டி, குழந்தைவேல் சேலம் ரோட்டில் ஏறியபோது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ரோட்டில் பைக்கோடு டேங்கர் லாரிக்கு அடியில் போன அவருடைய மகன் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரத்தில், அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சட்டையோடும் அன்றைக்கு மிஞ்சிய பாதி முகத்தோடும் உட்கார்ந்திருந்தான். குழந்தைவேல் கண்ணாடியில் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டவில்லை. அவர் மனைவிதான் திரும்பி, "சாப்பிட்டயா சாமி?" என்று கேட்டாள். பையனுக்கு வாய் இருந்த பக்கம் லாரிக்குப் போயிருந்தது. அவள் கைக்குட்டையை நீட்டினாள், அவன் வாங்கித் தாடையில் ஒற்றிக்கொண்டான், கைக்குட்டை சிவந்தது, அவள் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள், வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளியம்பாளையம் இதற்கெல்லாம் திகைக்கிற ஊர் இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் ஊர் அது. ராஜஸ்தான் வரைக்கும் போய் யாருடைய நிலத்தையோ ஆயிரம் அடிக்குக் குடைகிறவர்கள், உள்ளேயிருந்து தண்ணீர் வந்தாலும் புழுதி வந்தாலும் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு அடுத்த இரும்பு ராடை மாட்டுகிறவர்கள். ஒரே மாதத்தில் ஊர் விதிகளைக் கண்டுபிடித்துவிட்டது. படுக்கையில் கிடந்து, வாயில் பால் ஊற்றி, மூச்சடங்கினவர்கள் வருவதில்லை. நசுங்கினவர்கள், வெட்டுப்பட்டவர்கள், எரிந்தவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், கயிற்றில் தொங்கினவர்கள்தான் வந்தார்கள், செத்த கணத்தில் எப்படி இருந்தார்களோ அப்படியே. முன் சீட்டிலோ நடு வரிசையிலோ அவர்கள் உட்காரவில்லை. லாரிச் சட்டத்தின்மேல் கட்டின ஜீப் மாதிரி வண்டிகளில் ஒன்பது சீட் இருந்தாலும் ஏறவில்லை, குலுக்கலில் காயம் நோகும் என்று ஊர் சொல்லியது; காரைப்போல மெத்தென்று ஓடுகிற, தோல் சீட்டும் பின்வரிசைக்குத் தனி ஏ.சி.யும் உள்ள உயர்ந்த ரகப் பெரிய வண்டிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ரிக்கில் கூலிக்குப் போய்ச் செத்தவர்களின் பெண்டாட்டிகள் பெட்ரோல் பங்கில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொரு பெரிய காரின் பின் கண்ணாடியையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களுடைய ஆட்களுக்கு உட்கார இடம் இல்லை.

அந்த வண்டிகளுக்கு அப்போது வந்த கிராக்கியை இன்றைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஐந்து சீட்டுக் கார்கள் வெயிலில் நின்று வெளுத்தன. ஏழு சீட்டுக்குப் பதினாலு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. "முன்னெல்லாம் மைலேஜ் கேப்பாங்க, சன்ரூஃப் கேப்பாங்க. இப்ப பின்னாடி கால் நீட்ட எடம் எவ்வளவுன்னுதான் மொதக் கேள்வி" என்று ஷோரூமில் இருந்த ரஃபீக் சொன்னார். துடைத்தால் போகிற மாதிரி கருஞ்சிவப்புச் சீட் உறை தைத்து வைத்திருந்தார். வருகிறவர்களிடம் இதமாக, சம்பந்தம் பேசுகிற குரலில், "உங்க வீட்ல அப்படி எத்தனை பேருங்க? ரெண்டு பேருன்னா தாராளமா உக்காரலாம். மூணாவது ஆளு வந்தா நடுப் பள்ளத்துலதான் உக்காரணும், பெல்ட் கெடையாது" என்று விசாரித்தார். யார் யார் வருவார்கள் என்பதையும் அவரே கணக்காகச் சொன்னார். வண்டி யார் பெயரில் பதிவாகிறதோ அவருடைய பங்காளி வகையறாவில் செத்தவர்கள். கட்டிக்கொண்டு வந்த பெண் என்றால் அவளும் அந்த வகையறாதான். பெண்ணின் பெயரில் வண்டியை எடுத்தால் மட்டும் அவள் பிறந்த வீட்டுச் செத்தவர்கள்.

செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களிடம் பேசுவதில்லை. ஆனால் அவர்களுடைய காயத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சேலையில் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் எரிக்கப்பட்ட சௌந்தரம், அவள் புருஷன் வாங்கிய புதுக் காரின் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தபோது, கழுத்தில் சேலை இறுகிய தடம் இல்லை, பத்து விரல்களின் தடம் இருந்தது. சங்ககிரிப் பிரிவு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற காரில் அவளுடைய அண்ணன்மார் இருந்தார்கள். சிவப்பு விளக்கு பச்சையாகிற நேரத்துக்குள் புருஷனை வெளியே இழுத்துக் கழுத்தில் நான்கு வெட்டு வெட்டினார்கள். பின்னால் நின்ற வண்டிகள் கொஞ்சம் வளைந்து போயின. அடுத்த மாதம் அவன் தன் தம்பி காரின் மூன்றாவது வரிசையில், விழாமல் இருக்கத் தலையை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டிய தம்பி சௌந்தரத்தின் மூத்த அண்ணனை டீக்கடையில் வைத்துக் குத்தினான். அந்த அண்ணனும் தன் வீட்டு வண்டிக்கு வந்து சேர்ந்தான். இப்படிக் கார்த்திகைக்குள் ஐந்து பேர். ஊர் வருத்தப்பட்டது, சீட் உறைகளைத் துவைத்துப் போட்டது, ஒரு முடிவுக்கும் வந்தது: மூன்றாவது வரிசை இல்லாத வீட்டில் மறைக்க என்னவோ இருக்கிறது.

வசதி இருந்தும் அந்த வண்டியை வாங்காதவர் ஊரில் ஒருவர்தான் மிச்சம். அவர் சென்னியப்பன். நான்கு ரிக் லாரிகளுக்குச் சொந்தக்காரர், ஐம்பத்து நாலு வயது, அதிகம் பேசாதவர், பழைய ஐந்து சீட்டுக் காரை வாரம் இருமுறை தானே கழுவுகிறவர். "சிக்கனம்" என்றார்கள் முதலில். அப்புறம் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டு அவர் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள்.

அவருடைய ஒரே மகள் தாரணிக்குப் பெருந்துறைப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வண்டியில எங்க பெரியம்மா உக்காந்திருக்குதுங்க. கெணத்துல விழுந்தது. தானா விழுந்ததுதான், வேணும்னா வெளிய போயி நல்லாப் பாத்துக்கங்க, ஒரு கீறல் இருக்காது. உங்க பக்கமும் ஒருக்கா பாத்துட்டா மனசு சுத்தமாயிருமுங்க."

"எங்க வீட்ல அப்படி யாருமில்லீங்க" என்றார் சென்னியப்பன்.

"இல்லாட்டிப் போகுது. காலிச் சீட்டக் காட்டுங்க. அதுவும் ஒரு பதில்தானுங்களே."

அவர்கள் போனதும், இருபத்தேழு வருஷமாக அவரை எதற்கும் வற்புறுத்தாத மனைவி பூங்கொடி, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து எதிரில் நின்றாள்.

"மாமா, வாங்கிப்போடலாமுங்க. என்ற பேர்ல எடுங்க."

"உன்ற பேர்ல எதுக்கு?"

"என்ற தம்பி வருவானில்லீங்க. ஒருக்கா மொகத்தப் பாத்தாப் போதும். பெட்டியில வெச்சுக் கொண்டாந்தப்ப புருவம் வரைக்கும் துணி சுத்தியிருந்தாங்க, சரியாக்கூடப் பாக்கல."

சென்னியப்பன் எழுந்து வெளியே போய், கழுவிய காரையே மறுபடி கழுவினார்.

பூங்கொடியின் தம்பி அர்த்தநாரி நெட்டையானவன், சிரிப்பாணி, அக்காள் புருஷனின் ரிக்கில் கூடவே போனவன். உரித்த தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காட்டில் நடப்பான். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தெலங்கானாவில் ஒரு மிளகாய்க் காட்டில் சென்னியப்பன் குறித்த இடத்தில் தொள்ளாயிரம் அடிக்கும் புழுதிதான் பறந்தது. அர்த்தநாரி பதினைந்து அடி தள்ளிக் குறித்தான். இருநூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீச்சியடித்தது. காட்டுக்காரர் மாலையை அவன் கழுத்தில் போட்டார், ஊரே அவனைத் தொட்டுக் கும்பிட்டது. அவன் நனைந்த முகத்தோடு திரும்பி, "மச்சான், உங்க கைராசிக்கு ஆயிரம் அடியிலயும் புழுதிதானுங்க!" என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் உச்சி வெயிலில், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தபோது, கம்பிரசர் இரைந்துகொண்டிருந்தபோது, அவன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, சென்னியப்பன் வாயில் இரும்புப் பல் உள்ள இரண்டடி நீளப் பைப் ரெஞ்சை எடுத்து அவன் பின்மண்டையில் மூன்று தடவை அடித்தார். அப்புறம் மூச்சு மிச்சமிருந்த அவனை மல்லாக்கப் போட்டு, ரிக்கின் கயிற்றைத் தளர்த்தி, ஒரு ராடை அவன் நெஞ்சில் விட்டார். ராடு விழுந்து சாவது தொழிலில் உள்ளதுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் அவரே தன்னைக் கேட்டதுதான். ஒரு சிரிப்புக்கா? அந்தச் சிரிப்புக்குத்தானா, இல்லை, தேங்காய் அவன் கையில் எழுந்து நின்ற அத்தனை வருஷத்துக்குமா? முதல் அடியோடு ஏன் நிறுத்தவில்லை? பதில் கிடைக்காத கேள்விகள் பழகிப்போகும் என்று அவர் நினைத்திருந்தார், பழகவில்லை. அந்த ரெஞ்சையும் அவர் தூக்கிப் போடவில்லை. நல்ல இரும்பு, இன்னும் முப்பது வருஷம் உழைக்கும். உழைக்கிற சாமானை எறிவது அவர் தொழிலில் இல்லாத பழக்கம். கழுவி, எண்ணெய் போட்டு, வண்டி மாறும்போதெல்லாம் அடுத்த வண்டியின் டிக்கியில் வைத்தார்.

கடைசியில் ரஃபீக்கிடம்தான் போனார்.

"மச்சினன் வகையில செத்தவங்க வருவாங்களா?"

"உங்க பேர்ல எடுத்தா வரமாட்டாங்கண்ணா. இதுவரைக்கும் நூத்திப் பத்து வண்டி குடுத்திருக்கேன், ஒண்ணுலயும் வரல. பங்காளிதான்."

சென்னியப்பனின் பங்காளி வகையில் அப்படிச் செத்தவர் மாரப்பன் பெரியப்பன் ஒருத்தர்தான், பூச்சிமருந்து குடித்தவர், அது ஊருக்கே தெரியும். வண்டியைத் தன் பெயரிலேயே எடுத்தார். பூங்கொடி, கேட்டது கிடைக்காதபோது செய்வதுபோல வாசல் கூட்டப் போய்விட்டாள். அவர் இன்னொன்றும் செய்தார், பின் கண்ணாடி முழுவதையும் மறைத்துக் குலதெய்வத்தின் படத்தை ஸ்டிக்கராக ஒட்டினார். வண்டி வந்த அன்று பெரியப்பன் வாயில் நுரையோடு இடது மூலையில் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து வந்து குனிந்து பார்த்து, மோந்தும் பார்த்து, திருப்தியாகத் தாம்பூலம் மாற்றிக்கொண்டார். வலது மூலை காலியாக இருந்தது. நாற்பது நாள் காலியாகவே இருந்தது. சென்னியப்பன் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக மதியம் படுத்துத் தூங்கினார்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குத் தாரணி பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாக வந்து நடு வரிசையில் ஏறி உட்கார்ந்தாள். ஏறியவள் பின்னால் திரும்பி, "ஐயோ, மாமா!" என்றாள்.

வலது மூலையில் அர்த்தநாரி இருந்தான். கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை, ராடு இறங்கிக் குழிந்த நெஞ்சு, முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மடியில் ஒரு தாம்பாளம், அதில் தேங்காய், சேலை, ஒரு ரோஜா மாலை. நூற்றுப் பத்து வண்டிகளில் ஒன்றில்கூட அதற்குமுன், தாய்மாமனை அப்படிப் பறிகொடுத்த ஒரு கல்யாணப் பெண் ஏறியிருக்கவில்லை. பங்காளியை எண்ணிய ரஃபீக்கும் எண்ணவில்லை, ஊரும் எண்ணவில்லை, சென்னியப்பனும் எண்ணவில்லை. தாய்மாமன் வண்டிக்காரனுக்காக வருவதில்லை, மருமகளுக்காக வருகிறவன். முதல் மாலை அவனுடையது. அதற்கு எந்தப் பதிவும் வேண்டியதில்லை.

பூங்கொடி நடு வரிசைக்கு மேலாகக் கையை நீட்டித் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். "எளைச்சுட்டயேடா" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தபடி நாலு கிலோமீட்டர் ஓட்டினார். பின்மண்டை பின்பக்கம்தான் இருக்கிறது, பின் கண்ணாடியில் குலதெய்வம் இருக்கிறது, சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தார்.

மண்டப வாசலில் நாச்சிமுத்து ஓடி வந்து பார்த்து நெகிழ்ந்துபோனார். "இதல்லவா சம்பந்தம்! செத்தும் சீரு செய்ய வந்திருக்கான் பாருங்க!" மேளக்காரர்கள் காரைச் சுற்றி நின்று வாசித்தார்கள். தாய்மாமன் முறைக்கு ஏற்பாடு செய்திருந்த, பூங்கொடியின் ஒன்றுவிட்ட தம்பி மரியாதையாக ஒதுங்கிக்கொண்டான். அர்த்தநாரி ஜன்னல் வழியாக மாலையை நீட்ட, தாரணி குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டாள். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூட்டம் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனது. சீர்த் தட்டுகளை எடுக்கப் பூங்கொடி வண்டியின் பின்பக்கம் போனாள்.

தட்டுகள் டிக்கியில் இருந்தன. வேறெங்கே இருக்கும்? எல்லாக் கல்யாணத்திலும் சீர்த் தட்டுகள் டிக்கியில்தான் வருகின்றன. பின் கண்ணாடியை மறைத்தவருக்கு, அந்தக் கண்ணாடி ஒரு கதவில் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. அவள் பட்டனை அமுக்கினாள். உயர்ந்த ரக வண்டி. கதவு அவசரமில்லாமல், மெல்லிய ஓசையோடு, தானே மேலே எழுந்தது. சென்னியப்பன் பத்தடி தள்ளி நின்றார். அவளுடைய முதுகைப் பார்த்தார்.

நெட்டையானவனின் தலை சீட்டின் தலைதாங்கிக்கு மேலே நின்றது. பின்மண்டையில் மூன்று பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் வரிசையாகப் பல்தடம். ரிக்குக்காரன் வீட்டில் பிறந்து ரிக்குக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். ராடு உருண்டை, அதற்குப் பல் கிடையாது. தட்டுகளுக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்ததைப் பிரித்தாள். இரண்டு கையாலும் தூக்கி, ரெஞ்சின் வாயைத் தம்பியின் மண்டையில் மெதுவாக, குழந்தைக்குத் தொப்பி அளவு பார்ப்பதுபோல, வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது.

அவர் அவள் பக்கத்தில் போய், வண்டிக்குள் பார்க்காமல் நின்றார்.

"ராடு நெஞ்சுல விழுந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"பொறமண்டையில விழுந்தது எதுங்க?"



"சிரிச்சான், பூங்கொடி."

"சிரிச்சதுக்கா?"

"அத்தன பேரும் பாக்கச் சிரிச்சான்."

"அவன் பொறந்ததுலருந்து சிரிச்சவனுங்க. நம்ம கல்யாணத்துல உங்க தலப்பாகை அவுந்ததுக்கும் சிரிச்சான். நானுந்தான் சிரிச்சேன்." ரெஞ்சை மறுபடி துணியில் சுற்றி வைத்தாள். இரண்டு தட்டுகளை அடுக்கி எடுத்தாள். "தாரை வாக்கோணும். வாங்க, நேரமாச்சு."

சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. மண்டபத்துக்கு இரண்டு வாசல். ஓடியிருக்கலாம். மகளின் கையைப் பிள்ளையின் கையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, அதற்கும்மேல் பூங்கொடி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியபோது, அவளுடைய கையைத்தான் அவர் பார்த்தார். தண்ணீர் நூல் பிடித்ததுபோல விழுந்தது. ஏன் ஓடவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். முதல்முறையாக ஒரு கேள்விக்குப் பதில் உடனே வந்தது. களைப்பு.

தாலி ஏறியது. இரண்டாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ரசத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். பூங்கொடி வந்து, "இன்னும் ஒரு தட்டு பின்னாடி இருக்குதுங்க. எனக்குக் கை எட்டல, எடுத்துக் குடுங்க" என்றாள். அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

டிக்கி எழுந்தது. வெயில் உள்ளே விழுந்தது. தான் செய்ததை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். அன்றைக்கு மல்லாக்கப் போட்டதே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான். மூன்று பள்ளங்களிலும் இன்னும் ஈரம் இருந்தது. தட்டு அதோ, வாழைப்பழத் தட்டு, கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எண்ணெய்த் துணி பிரிந்து காலியாகக் கிடந்தது. அவர் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, தட்டுக்காக நன்றாகவே குனிந்தார்.

முதல் அடியில் பழங்கள் சிதறின. இரண்டாவது அடியில் அவர் நெற்றி சீட்டின் முதுகில் போய் முட்டியது. மூன்றாவதை அவர் கேட்டார், நோகவில்லை. பந்தியில் இருந்தவர்கள் மேளக்காரன் சுதி சேர்க்கிறான் என்று நினைத்தார்கள். பூங்கொடி பட்டனை அமுக்கினாள். கதவு மெல்ல இறங்கி, அவர் இடுப்பில் பட்டு, ஏதோ தடுக்கிறது என்று பீப் ஒலி எழுப்பிவிட்டு மரியாதையாக மேலே போனது. மறுபடி அமுக்கினாள், மறுபடி இறங்கி, மறுபடி மேலே போனது. நான்காவது தடவை அவர் கால்களை உள்ளே மடக்கி வைத்தாள். கதவு மூடியது. ரத்தம் பம்பரில் வழிந்து, காலையில் மண்டப வாசலில் நசுக்கிய எலுமிச்சம்பழத் தோலின்மேல் சொட்டியது. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, மகளை மறுவீடு அனுப்பி வைக்கப் போனாள்.

டிக்கிக் கதவு தலையில் விழுந்துவிட்டது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். ரஃபீக் மட்டும், "எங்க கதவு அப்படி விழாதுங்களே, தடுத்தா நின்னுருமே" என்று ஆரம்பித்தார். பூங்கொடி அவரைப் பார்த்ததும், "சில சமயம் விழும்" என்றார். ஊரில் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, பதினாறாம் நாள் முடிந்து அவளே வண்டியை வெளியே எடுத்தபோது எல்லோரும் பார்த்தார்கள். கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரை அவள் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்திருந்தாள்.

சென்னியப்பனுக்கு நடுப் பள்ளம்தான் கிடைத்தது. பெல்ட் இல்லை. முழங்கால் மோவாயில் இடித்தது. இடப்பக்கம் பெரியப்பன் பூச்சிமருந்து வாசத்தோடு சாய்ந்தார், வலப்பக்கம், கல்யாணத்துக்கு வந்து இறங்காமலே இருந்துவிட்ட மச்சினனின் ஈரச் சட்டை ஒட்டியது. முன்னால் வெகுதூரத்தில் பூங்கொடியின் கொண்டை தெரிந்தது. பின்னால் வந்த வண்டிகள் மூன்று தலைகளையும், அதில் இரண்டு தலைகளில் ஒரே பல்தடத்தையும் பார்த்து, ஹாரன் அடிக்காமல் இடைவெளி விட்டு வந்தன.

காகாபாளையம் தாண்டி, சோளத்தட்டு காய்ந்த ஒரு காட்டில் யாருடைய ரிக்கோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைப் புழுதி தென்னை உயரத்துக்கு எழுந்து, அந்தப் பக்கத்து மரங்களையெல்லாம் மூடியிருந்தது. அர்த்தநாரி ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"ஆயிரம் அடி போயிட்டாங்க போல மச்சான்" என்றான். மூன்றாவது வரிசையில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் சிரிப்பது விலாவில் வந்து இடித்தது. நகர்ந்துகொள்ள இடமில்லை. சென்னியப்பன் குனிந்து, நசுங்கிய நெஞ்சுக்கு அந்தப் பக்கமாக எட்டி, புழுதிக்குள் பார்த்தார்.

"எந்த எடத்துல மாப்ள போர் போடோணும்?" என்று கேட்டார்.